புல்லட் சூடானதும் நின்றுவிடுகிறது, உதவுங்கள் (அவசரம்)

திண்டுக்கல் புல்லட்:
வணக்கம். வண்டி காலையில் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்ச தூரம் அருமையாகப் போகிறது. நன்றாகச் சூடானதும் நின்றுவிடுகிறது, பிறகு எவ்வளவு உதைத்தாலும் எடுப்பதில்லை. ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. பிளக் புதிது, கார்புரேட்டர் கழுவியாகிவிட்டது. மெக்கானிக் எஞ்சினை இறக்கி போர் அடிக்க (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும் என்கிறார். ஞாயிறன்று கொடைக்கானல் போக வேண்டும். எதை மாற்றலாம்?

கோவை ரைடர்:
எந்த வருட மாடல்? 350ஆ, 500ஆ? பொறி வரவைப்பது சிபி பாயிண்டா (மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் தொடுமுனை), எலக்ட்ரானிக் இக்னிஷனா? பேட்டரி 6 வோல்ட்டா, 12ஆ? நிற்கும்போது திக்கித் திணறி நிற்கிறதா, சாவியைத் திருப்பியது போல் பட்டென்று நிற்கிறதா? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

தாமிரபரணி:
டேங்க் மூடியைப் பாருங்கள். மூடியில் காற்று உள்ளே போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது தூசியால் அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் வருவது நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் அதுதான் காரணம். என் வண்டியில் இதுவேதான் நடந்தது. ஊசியால் குத்தினேன், தீர்ந்தது. காசு செலவில்லை.

பழைய இரும்பு:
மாதம் தவறாமல் இதே கேள்வி வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. தம்பி, திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் இருந்து வந்த அந்த இரும்பு எஞ்சினுக்கு டேப்பட் (வால்வு இடைவெளி) வைக்கத் தெரிந்தவர்கள் இன்று குறைவு. மற்ற வண்டிகளுக்கு வைப்பது போல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) விட்டு வைக்கக்கூடாது. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது வால்வைத் தள்ளும் புஷ் ராடு விரலால் திருப்பினால் லேசாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இறுக்கி வைத்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போய்விடும், வண்டி நிற்கும். முதலில் அதைப் பார். பிறகு பேசலாம்.

திண்டுக்கல் புல்லட்:
350 ஸ்டாண்டர்டு. அப்பாவின் வண்டி, 80களில் வாங்கியது. பாயிண்ட்தான். வோல்ட் தெரியவில்லை. டேங்க் மூடியைத் திறந்து பார்த்தாகிவிட்டது, சத்தம் எதுவும் வரவில்லை, வண்டியும் எடுக்கவில்லை.

கோவை ரைடர்:
பேட்டரியின் மேல் தண்ணீர் ஊற்றும் மூடிகளை எண்ணுங்கள். 3 மூடி என்றால் 6 வோல்ட், 6 மூடி என்றால் 12. ஒவ்வொரு செல்லும் 2 வோல்ட். எப்படி நிற்கிறது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மலைப்பாதை:
எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். காரணம் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அப்படியென்றால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பழைய ஜெட்டை அப்படியே வைத்து இ20 ஊற்றினால் கலவையில் பெட்ரோல் போதாமல் போகிறது, எஞ்சின் கூடுதலாகச் சுடுகிறது. பழைய ரப்பர் குழாயும் வாஷரும் எத்தனாலில் ஊறி வீணாகின்றன. நம் வண்டிகளைத் தயாரித்த காலத்தில் யாரும் இதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்குங்கள்.

ஒற்றை சிலிண்டர்:
ஜெட் கணக்கு சரி. மலை ஏறும்போது இழுவை குறைவதற்கும் பிளக் வெளுத்துப் போவதற்கும் அது காரணமாகலாம். ஆனால் ஓடுகிற வண்டி அப்படியே நின்று, ஆறினால்தான் எடுக்கும் என்பதற்கு அது விடை ஆகாது. புல்லட்டில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. குழாயில் ஆவி உண்டானாலும் அது மேலே ஏறி டேங்குக்கே போய்விடும். அப்புறம், இ20 விற்பனைக்கு வந்ததே 2023இல்தான். சூடானதும் நிற்கிற புல்லட்டுகளை அதற்கு முன் நாம் பார்த்ததில்லையா?

மலைப்பாதை:
முன்பும் நின்றன, இப்போது அதிகமாக நிற்கின்றன. பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு பெரும்பாலான பங்குகளில் வேறு பெட்ரோல் கேட்டு வாங்க வழியில்லை. அதுதான் என் ஆதங்கம்.

பழைய இரும்பு:
2000இல் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தியபோதும் இதே புலம்பலைக் கேட்டேன், வால்வு சீட் எல்லாம் போய்விடும் என்றார்கள். என் வண்டி இன்றும் அதே ஹெட்டோடு ஓடுகிறது. பராமரிப்புதான் முக்கியம்.

வயரிங்காரன்:
இ20 பற்றித் தனி இழை போடுங்கள். இவருக்கு ஞாயிறன்று கிளம்ப வேண்டும்.

திண்டுக்கல் நண்பரே, எதையும் வாங்காதீர்கள், எஞ்சினையும் இறக்க விடாதீர்கள். சூடானதும் வருகிற கோளாறை, வண்டி நின்ற அந்த இடத்தில், அது ஆறுவதற்குள் பார்த்தால்தான் பிடிக்க முடியும். ஒர்க்‌ஷாப் வாசலில் ஆறிப்போய் நிற்கிற வண்டியில் எல்லாமே நன்றாகத்தான் வேலை செய்யும், அதனால்தான் மெக்கானிக்குகள் ஊகத்தில் இறங்குகிறார்கள். ஒரு பழைய பிளக்கும் பிளக் ஸ்பேனரும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஊரைச் சுற்றி ஓட்டி, வேண்டுமென்றே சூடாக்குங்கள்.

நின்றதும் முதலில் கிக்கரை மெல்ல அழுத்துங்கள். காலையில் இருந்த அதே எதிர்ப்பு காலுக்குத் தெரிந்தால் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, டேப்பட்டும் போரும் காரணமில்லை. பிஸ்டன் பிடித்திருந்தால் ஓடும்போதே பின் சக்கரம் இழுத்திருக்கும், உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அடுத்து பிளக்கைக் கழற்றுங்கள், கை சுடும், துணி வைத்துக்கொள்ளுங்கள். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு இல்லை. பிறகு அந்தப் பழைய பிளக்கை பிளக் ஒயரில் மாட்டி, அதன் உடம்பு ஹெட்டின் உலோகத்தில் படும்படி வைத்துக் கிக் அடியுங்கள். பிளக் ஓட்டையில் இருந்து தள்ளி வையுங்கள், உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீல நிறத்தில் பட்பட்டென்று சத்தத்தோடு பொறி வர வேண்டும். மஞ்சளாக, மெல்லியதாக வந்தால் அல்லது வரவே இல்லை என்றால் காயில் (வோல்ட்டை ஏற்றும் சுருள்), கண்டென்சர், பாயிண்ட் இந்த மூன்றுக்குள்தான் கோளாறு.

என் சந்தேகம் கண்டென்சர் மேல். உள்ளே மெல்லிய தகடும் தாளும் சுருளாகச் சுற்றியிருக்கும். வயதானால் சூட்டில் அந்தத் தாளின் தடுப்பு போய் மின்சாரம் கசியும், ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். பாயிண்ட் பிரிகிற நொடியில் காயிலில் இருந்து பாய வருகிற மின்சாரத்தைக் கண்டென்சர் வாங்கிக்கொள்ள வேண்டும். அது வாங்காவிட்டால் பாயிண்ட்டின் இடைவெளியிலேயே பொறி பறந்து வீணாகும், காயிலில் வோல்ட் ஏறாது, பிளக்குக்கு எதுவும் வந்து சேராது. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இருட்டில் பாயிண்ட் மூடியைக் கழற்றிவிட்டு ஒருவரைக் கிக் அடிக்கச் சொல்லுங்கள். பாயிண்ட்டுக்கு நடுவே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சின்னப் பொறி இருந்தால் பரவாயில்லை. வெல்டிங் வைப்பது போல் பளீரென்று நீலமாக எரிந்தால் கண்டென்சர் போய்விட்டது. பாயிண்ட்டின் இரண்டு முகங்களையும் பாருங்கள், ஒன்றில் குழியும் மற்றொன்றில் அதே இடத்தில் மேடும் இருந்தாலும் கண்டென்சர் மீதே சந்தேகப்படலாம்.

திண்டுக்கல் புல்லட்:
நன்றி அண்ணா. 6 மூடி இருக்கிறது. பட்டென்றுதான் நிற்கிறது. நாளை பார்க்கிறேன். கண்டென்சர் எங்கே இருக்கும்?

வயரிங்காரன்:
சில வண்டிகளில் பாயிண்ட் மூடிக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் காயில் பக்கத்தில். சுண்டுவிரல் அளவில் ஒரு தகர உருளை, அதில் இருந்து ஒற்றை ஒயர் பாயிண்ட்டுக்குப் போகும். சோதித்துப் பார்க்க அதே அளவு கண்டென்சர்தான் வேண்டும் என்றில்லை. பாயிண்ட் உள்ள பழைய கார் கண்டென்சர் எதுவும் போதும், பெரும்பாலும் 0.2 மைக்ரோஃபாரட் ஒட்டித்தான் இருக்கும். உருளையை இரும்பில் படும்படி இறுக்கிக் கட்டி, ஒயரை காயிலில் பாயிண்ட் பக்கத்து முனையில் கொடுங்கள். பழைய கண்டென்சரின் ஒயரைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். அதை அப்படியே விட்டுவிட்டுப் புதியதைச் சேர்த்தால் பழையது கசிந்துகொண்டேதான் இருக்கும், சோதனை வீண். கண்டென்சர் மாற்றியும் சூட்டில் நின்றால், நின்ற கையோடு காயிலின் முதன்மைச் சுற்றை மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். 12 வோல்ட் காயிலுக்கு 3, 4 ஓம் வரும்.

கோவை ரைடர்:
இவ்வளவு பாடு எதற்கு? எலக்ட்ரானிக் கிட் போட்டுவிட்டால் பாயிண்ட்டும் இல்லை, கண்டென்சரும் இல்லை. கம்பெனியே எலக்ட்ரா மாடலில் எலக்ட்ரானிக்குக்கு மாறிவிட்டது.

பழைய இரும்பு:
அந்தக் கிட் மலையில் நின்றால் என்ன செய்வீர்கள்? பாயிண்ட் என்றால் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்து, 0.35இல் இருந்து 0.40 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து வீடு வந்து சேரலாம். ஃபீலர் கேஜ் இல்லாவிட்டாலும் கெட்டி அட்டையை மடித்து வைத்துச் சமாளித்தவர்கள் உண்டு. கிட் போனால் வேன்தான்.

கோவை ரைடர்:
நல்ல கிட் போகாது. வருடக்கணக்கில் ஓட்டுகிறேன். பாயிண்ட்டின் ஹீல் (சுழலும் கேமில் உரசும் பகுதி) தேயத் தேய பொறி வரும் டைமிங் நகர்ந்துகொண்டே இருக்கும், அதை யாரும் பேசுவதில்லை.

பழைய இரும்பு:
நகர்ந்தால் சரிசெய்ய வேண்டும். அதற்குத்தான் பழைய வண்டி. அது பிடிக்காதவர்கள் புது வண்டி வாங்கிக்கொள்ளலாம்.

ஒற்றை சிலிண்டர்:
இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தினமும் வேலைக்கு ஓட்டுபவருக்கு கிட் நல்லது, தானே கை வைத்துப் பழகியவருக்கு பாயிண்ட் நல்லது. ஆனால் கிட் போடுவதற்கு முன் சார்ஜிங்கையும் எர்த்தையும் சரிபார்க்க வேண்டும், பேட்டரி தளர்ந்தால் கிட்டும் மக்கர் செய்யும். ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்ப் மீட்டர் முள், ஓடும்போது கொஞ்சமாவது சார்ஜ் பக்கம் சாய்கிறதா என்று திண்டுக்கல் நண்பர் பார்த்தாரா?

தாமிரபரணி:
டேங்க் மூடி இல்லையென்றால் பெட்ரோல் காக் வடிகட்டியையும் ஒரு முறை பார்த்துவிடலாம். பழைய டேங்கில் துரு சேர்ந்திருக்கும்.

வயரிங்காரன்:
திண்டுக்கல், பிளக் ஈரமா, காய்ந்ததா? அது ஒன்று தெரிந்தால் பாதிப் பட்டியலை அடித்துவிடலாம்.

ஒற்றை சிலிண்டர்:
ஞாயிறு தாண்டிவிட்டது. ஆள் என்ன ஆனார்?

திண்டுக்கல் புல்லட்:
மன்னிக்கவும், சிக்னல் இல்லை. பிளக் ஈரம். பாயிண்ட்டில் பளீரென்று எரிந்தது, அண்ணா சொன்ன மாதிரியே. கண்டென்சர் மாற்றினேன். வத்தலக்குண்டு தாண்டி டம் டம் பாறை வரை ஒரே மூச்சில் ஏறியது, மேலேயும் போய்விட்டு இறங்கினோம். எங்கும் நிற்கவில்லை. எஞ்சின் இறக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

வயரிங்காரன்:
மகிழ்ச்சி. பாயிண்ட் முகத்தில் குழி இருந்ததா, புதிது போட்டீர்களா? கருகிய பாயிண்ட்டை அப்படியே விட்டால் புதுக் கண்டென்சர் இருந்தும் ஸ்டார்ட்டிங் சீக்கிரமே கெடும்.

பழைய இரும்பு:
டேப்பட்டையும் ஒரு முறை பார்த்துவிடு தம்பி. பழைய கண்டென்சரைத் தூக்கி எறியவில்லை என்றால் மீட்டரில் வைத்துச் சூடாக்கி அளந்து, அளவை இங்கே போடு. அடுத்து வருபவனுக்கு உதவும்.

மலைப்பாதை:
மலையில் மைலேஜ் எவ்வளவு கிடைத்தது? எந்த ஜெட் போட்டிருக்கிறீர்கள்?

கோவை ரைடர்:
கண்டென்சர் எங்கே வாங்கினீர்கள் என்றும் சொல்லுங்கள். நல்ல சரக்கு கிடைக்கிற கடையைத்தான் எல்லோரும் தேடுகிறோம்.