டாவின்சி வரைந்த படத்தை ஜிக்சா புதிராக விற்றால் அபராதம் வருமா?

மரத்துண்டு:
எல்லோருக்கும் வணக்கம். கோவையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். பிளைவுட்டில் படம் ஒட்டி, லேசரில் வெட்டி, ஜிக்சா புதிராக வெப்சைட்டில் விற்கிறோம். வெளிநாட்டு ஆர்டரும் வரும், ஜெர்மனிதான் அதிகம், இத்தாலிக்கு இதுவரை நாலோ ஐந்தோ போயிருக்கும். அடுத்ததாக டாவின்சியின் விட்ருவியன் மனிதன் படத்தை (வட்டத்துக்குள் கை காலை விரித்து நிற்பாரே, அவர்தான்) போடலாம் என்று டிசைன் எல்லாம் முடித்துவிட்டேன். இப்போது வந்து என் மச்சான், "ஒரு பெரிய ஜெர்மன் கம்பெனியே இதே படத்தைப் போட்டு தினமும் 1,500 யூரோ அபராதம் கட்டுது, நீ எம்மாத்திரம்" என்று பயமுறுத்துகிறார். டாவின்சி இறந்தது 1519இல். ஐந்நூறு வருஷத்துக்கு அப்புறமும் யாரிடம் காப்பிரைட் இருக்க முடியும்?

கறுப்புக்கோட்டு:
காப்பிரைட் யாரிடமும் இல்லை, அதில் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் இத்தாலியில் கதவுக்கு இரண்டு பூட்டு. 2004இல் வந்த அவர்களுடைய பண்பாட்டுச் சொத்துச் சட்டப்படி, அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பொருளின் படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அந்த அருங்காட்சியகத்திடம் அனுமதி வாங்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். வரைந்தவர் இறந்து எத்தனை வருஷம் ஆனது என்ற கேள்வியே அதில் கிடையாது. படிப்புக்கு, ஆராய்ச்சிக்கு, சொந்த உபயோகத்துக்கு என்றால் காசு வேண்டாம்.

விட்ருவியன் மனிதன் இருப்பது வெனிஸின் அக்காதேமியா அருங்காட்சியகத்தில். உங்கள் மச்சான் சொல்லும் கம்பெனி ராவன்ஸ்பர்கர். அவர்கள் அந்தப் படத்தை 1,000 துண்டுப் புதிராக வருஷக்கணக்கில் விற்றுவந்தார்கள். வெனிஸ் நீதிமன்றம் 2022 நவம்பரில், இத்தாலியில் மட்டுமல்ல வெளிநாட்டிலும் விற்காதே என்று தடை போட்டது. அந்த 1,500 யூரோ, உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் இழுத்தடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும். போக்குவரத்து போலீஸ் ரசீது கிழிப்பது மாதிரி படம் போட்ட உடனே விழும் அபராதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆக, தினமும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது மச்சான் சேர்த்த மசாலா.

நெக்கார்கரை:
நான் இருப்பது ஸ்டுட்கார்ட் பக்கம், இங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ராவன்ஸ்பர்கர் சும்மா இருக்கவில்லை, இங்குள்ள நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 மார்ச்சில் தீர்ப்பு: இத்தாலியின் சட்டம் இத்தாலியின் எல்லையோடு சரி, ஜெர்மனியில் விற்பதை அதை வைத்துத் தடுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் காப்பிரைட் என்பது படைத்தவர் இறந்து 70 வருஷம், அதற்கு மேல் ஒரு நாடு தன் பங்குக்கு இன்னொரு வேலியை மற்ற நாடுகளிலும் போட முடியாது என்பதுதான் விஷயம். இத்தாலிக்காரர்கள் கொதித்துப்போய், எதிர்த்துப் போராடுவோம் என்றார்கள். இப்படி ஒரே படத்துக்கு இரண்டு ஊரில் இரண்டு தீர்ப்பு இருப்பதால், ஜெர்மன் ஆர்டருக்கு நான் பயப்பட மாட்டேன், ஆனால் இத்தாலிக்கு அனுப்பும் அந்த நாலு பெட்டியை நிறுத்திவிடுவேன்.

சோம்பேறிச்சித்தன்:
நான் கேட்பது ஒன்றுதான். கல்லைச் செதுக்கினவனுக்கும் காசு இல்லை, அவன் பேரனுக்கும் இல்லை, காவல் காக்கிறவனுக்கு மட்டும் எதற்கு ராயல்டி? மைக்கலாஞ்சலோ செதுக்கிய தாவீது சிலையின் இடுப்பை மட்டும் அச்சடித்த ஏப்ரனும் ஃபிரிட்ஜ் காந்தமும் ஃபுளோரன்ஸ் தெருவெல்லாம் தொங்குகிறது. அதை வாங்காத டூரிஸ்ட் உண்டா?

கறுப்புக்கோட்டு:
சித்தரே, அந்தத் தாவீதுக்கே கேஸ் நடந்து முடிந்திருக்கிறது. ஜிகியூ பத்திரிகையின் இத்தாலியப் பதிப்பு 2020இல், அட்டையை ஆட்டினால் சிலை மறைந்து ஒரு மாடல் தெரிகிற மாதிரி அச்சடித்தது. ஃபுளோரன்ஸ் நீதிமன்றம் 2023இல் 50,000 யூரோ கட்டச் சொன்னது. அதில் 20,000 அனுமதி இல்லாமல் படத்தைப் பயன்படுத்தியதற்கு, மீதி 30,000 சிலையைத் திரித்து விளம்பரப் பொருளாக்கியதற்கு. இதுவும் அபராதம் அல்ல, இழப்பீடு. எனக்கும் முதல் பாதி பிடிக்கவில்லை, பொதுச்சொத்தைக் காட்டிப் பொதுமக்களிடமே வசூல் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் இரண்டாவது பாதியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. நம் ஊர் நடராஜர் சிலையை எவனாவது செருப்பில் அச்சடித்தால் நாமும் கோர்ட்டுக்குத்தானே ஓடுவோம்.

மரத்துண்டு:
நன்றி. ஆர்டர் பக்கத்தில் நாடுகளின் பட்டியலில் இருந்து இத்தாலியை எடுத்துவிட்டேன். ஆனாலும் விட்ருவியன் மனிதனை இப்போதைக்கு ஓரமாக வைக்கிறேன், ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதைப் படித்துப் புரிந்துகொள்ளவே என் ஒரு மாத லாபம் போய்விடும். தொல்லை இல்லாத படம் எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்கள்.

நெக்கார்கரை:
ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் தளத்துக்குப் போங்கள். ரெம்பிராண்ட், வெர்மீர் மாதிரி பழைய டச்சு ஓவியர்களின் படங்களைப் பெரிய ஃபைலாக இலவசமாகத் தருகிறார்கள், வியாபாரத்துக்கும் தடை இல்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியமும் 2017இல் லட்சக்கணக்கான படங்களை அப்படித் திறந்துவிட்டது. ஆனால் இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே இருக்கும் உரிமைக் குறிப்பைப் பாருங்கள், புதிய காலத்து ஓவியங்களுக்கு இது பொருந்தாது.

மரத்துண்டு:
வெர்மீரின் பால் ஊற்றும் பெண் படத்தை இறக்கி நேற்று ஒரு சாம்பிள் வெட்டினேன். ரொட்டிக்கூடை அருமையாக வந்திருக்கிறது. பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர்தான் சிக்கல், எந்தத் துண்டு எங்கே என்று என் பொண்ணு அரை மணி நேரம் தேடிவிட்டு, அப்பா நீயே பண்ணிக்கோ என்று எழுந்து போய்விட்டாள்.