பிரித்தெடுத்த நம்பரும் அப்பாவின் டேலியாவும்

தலவாக்கலையிலிருந்து:

குடும்பத்தார்மீது கொண்ட அன்பை மணிவேலையாகத் தைத்துப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடைய அனுபவத்தில் பாதி, தைத்ததைப் பிரித்த அனுபவம் என்பதால் எழுதுவதா வேண்டாமா என்று சில நாட்கள் தயங்கினேன்.

நான் மணி தைக்கக் கற்றுக்கொண்டது வீட்டில் அல்ல. கட்டுநாயக்கவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில், ஏற்றுமதிக்குப் போகும் சட்டைகளின் கழுத்தைச் சுற்றி மணி தைக்கும் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். அங்கே ஒரு சட்டைக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கு இருந்ததால், தைத்ததை நிமிர்ந்து பார்க்கவும் நேரம் கிடைத்ததில்லை. ஊருக்குத் திரும்பிய பின்னர், 34 ஆண்டுகள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு அம்மா வேலையிலிருந்து நின்ற ஆண்டில், அவருக்காக மட்டும் ஒன்றைத் தைக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. கொழும்பு புறக்கோட்டைக்குப் போய், கெய்சர் வீதிப் பக்கத்துக் கடைகளில் அரை நாள் அலைந்து மணிகளை வாங்கி வந்தேன்.

முதலில் அம்மாவின் புகைப்படத்தைத் துணியில் வரைந்து, கூடை சுமந்து நிற்கும் உருவம் முழுவதையும் தைத்தேன். மணி வாங்கியவர்களுக்குத் தெரியும், எண் கூடக் கூட மணி சிறுக்கும்: 8ஆம் எண் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர், 11ஆம் எண் 2 மில்லிமீற்றர், 15ஆம் எண் ஒன்றரை மில்லிமீற்றர். நான் எடுத்தது 11ஆம் எண். அதை நெருக்கி அடுக்கினால் ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 18 மணிகள் அமையும். என் படத்தில் முகத்தின் அகலமே ஓர் அங்குலம் என்பதால் ஒரு கண்ணுக்கு மூன்று மணிகளும் கருவிழிக்கு ஒரேயொரு மணியும் கிடைத்தன. அந்த ஒரு மணி சற்று மேலே ஏறினால் அம்மா பயந்தவர்போலத் தெரிந்தார், சற்று உள்ளே தள்ளினால் யாரையோ முறைத்தார். நான்கு முறை மாற்றித் தைத்துவிட்டு ஒரு மாலையில் துணிந்து காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரு, டிஸ்பென்சரி மிஸ்ஸியம்மாவா?" என்று கேட்டார்.

முகத்தைக் கைவிட்டேன். அடுத்த துணியில் அம்மாவைப் பின்புறமாக நிற்க வைத்தேன்: தலைத்துண்டு, அதன்மேல் பட்டையாக ஓடும் கூடைக் கயிறு, கூடை, இடுப்பில் சுற்றிய படங்கு என்னும் முரட்டுத் துணி, இரு பக்கமும் தேயிலைச் செடிகள். மூன்று மணிகளைக் கோத்து வைத்து, ஊசியைத் துணிக்குள் இறக்கி, பின்னோக்கி வந்து கடைசி மணிக்குள் மறுபடியும் நுழைத்து எடுக்கும் பின்தையல்தான் முழுவதும். படங்குக்கு வாங்கிய பழுப்பு மணி பாதியில் தீர்ந்துபோனது. இரண்டு மாதம் கழித்து அதே கடையில் அதே எண்ணைச் சொல்லி வாங்கியபோது நிறம் ஒரு சாயல் வெளுத்திருந்தது. ஒரே நிறத்தை ஒரே தடவையில் வாங்க வேண்டும் என்று தொழிற்சாலையில் படித்த பாடத்தை நானே மறந்திருந்தேன். ஆனால் அந்த வெளுத்த பகுதி இடுப்புக்குக் கீழே, செடிகளில் உரசித் தேயும் இடத்தில் வந்து அமைந்ததால், வேண்டுமென்றே செய்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

தவறு நடந்தது கடைசியில்தான். படத்தின் கீழ் மூலையில் அம்மாவின் செக்ரோல் நம்பரை, அதாவது தோட்டப் பதிவேட்டில் அவருக்குரிய இலக்கத்தை, உள்ளே வெள்ளி பூசிய மணிகளால் தைத்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரோடு இருந்த மூன்று இலக்கம் அது. சம்பளச் சீட்டிலும் கொழுந்து நிறுவையிலும் அந்த இலக்கத்தைத்தான் நான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அதைப் பெருமை என்று நினைத்தேன். சட்டகத்துக்குக் கொடுப்பதற்கு முந்திய நாள் காட்டியபோது அம்மா கூடையையும் படங்கையும் தடவிப் பார்த்துச் சிரித்தார். விரல் மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"இந்த நம்பர ஏன்டி வூட்டுக்குள்ள கொண்டாந்த? அரப் பேரு போட்டதெல்லாம் இதுக்குத்தானே."

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு சொல். ஒரு நாள் வேலை செய்தால் ஒரு 'பேர்' விழும். அன்றைக்குச் சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால், மழையோ காய்ச்சலோ எதுவாக இருந்தாலும், 'அரைப் பேர்' விழும். சம்பளம் பாதி. நாங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப் போன ரொட்டியின் கனத்திலிருந்தே அந்த மாதத்தில் எத்தனை அரைப் பேர் என்பதை அக்கா சொல்லிவிடுவாள். இதெல்லாம் எனக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தும் அந்த இலக்கத்தைப் பளபளப்பான மணியில் தைத்திருக்கிறேன்.

மணியைப் பிரிக்கும்போது மேலிருந்து நூலை இழுக்கக் கூடாது, இழுத்தால் மணிகள் தெறிக்கும், துணியும் சுருங்கும். துணியைத் திருப்பி, பின்பக்கத் தையலை மூன்று மணிக்கு ஒரு முறை வெட்டி, ஒரு சாசரில் சேர்க்க வேண்டும். அந்த மூன்று இலக்கத்துக்கும் 212 மணிகள் ஆகியிருந்தன. ஊசித் துளைகள் மட்டும் இலக்க வடிவிலேயே துணியில் நின்றன. பருத்தித் துணியாக இருந்ததால் பின்புறம் ஈரமாக்கி நகத்தால் சுரண்டியதில் பெரும்பாலானவை மூடிக்கொண்டன. பட்டுத் துணியாக இருந்திருந்தால் அந்த வழியும் இல்லை. சாய்ந்த வெளிச்சத்தில் இப்போதும் தெரியும், ஆனால் எங்கே பார்ப்பது என்று அறிந்தவர்களுக்குத்தான்.

பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். எங்கள் தோட்டத்து வீட்டறையான காம்பராவின் முன்னால் அப்பா நட்டுவைத்த டேலியாவைப் போடச் சொன்னார். அப்பா போய் 12 ஆண்டுகள் ஆகின்றன. டேலியாவின் இதழுக்குக் குழல்மணி மிகப் பொருத்தமானது. ஆனால் அதன் வெட்டு விளிம்பு பிளேடுபோல நூலை அறுத்துவிடும், ஆகவே ஒவ்வொரு குழலின் இரு முனையிலும் ஒரு சிறிய உருண்டை மணியைக் காவலுக்கு வைத்தே கோக்க வேண்டும். வெளிவட்ட இதழ்களை முதலில் தைத்து, அடுத்த வட்டத்தை அதன்மேல் சற்று ஏறியபடி தைத்தேன். பூ துணியிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி நிற்கிறது.

பண்டாரவளையிலிருந்து:

தலவாக்கலை அக்காவின் பதிவைப் படித்த பின், நான் தைத்ததையும் சொல்லலாம் என்று தோன்றியது. என்னுடையது படம் அன்று, ஒரு சிறிய கைக்குட்டை அளவுத் துணி.

எங்கள் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, ஒரு தங்கை இருந்தார். 1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தபோது, அப்பாயியின் கணவர் இங்கே இருக்க மனுப்போட்டார், தங்கையின் கணவர் அங்கே போக மனுப்போட்டார். எழுபதுகளில் தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி, இறுதியில் நீலகிரித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அந்தக் குடும்பம் குடியேறியது. புறப்படும் முன் தங்கள் தாயாரின் பாசிமணி மாலையை இருவரும் அறுத்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அப்பாயியின் பங்கு ஒரு பழைய பால்மாத் தகரப்பேணியில் இருந்தது. எண்ணினால் 41 மணிகள்.

அவற்றைத் துணியில் தைத்துக் கொடுத்தால் அப்பாயி மகிழ்வார் என்று நினைத்தேன். பழைய கண்ணாடி மணிகளில் துளைகள் ஒரே அளவாக இருப்பதில்லை. 10ஆம் எண் ஊசி பாதி மணிகளுக்குள் போகவே இல்லை, அதைவிட மெல்லிய 12ஆம் எண் வாங்கியும் ஏழு மணிகள் பிடிவாதமாக நின்றன. உள்ளே உடைந்திருந்த சில மணிகள் நூலை அறுத்தன. கடைசியில் எல்லாவற்றையும் மெல்லிய நைலோன் நூலில் தளர்வாகக் கோத்து, அந்தக் கோவையைத் துணியின்மேல் வளைத்து வைத்து, மணிகளுக்கு இடையில் சிறு சிறு தையலாகப் போட்டுப் பிடித்தேன். நுழையாத ஏழையும் சுற்றிக் கட்டினேன். வட்டம் பாதியில் நிற்கும்படி அமைத்தேன், அதை மிக அழகான கருத்து என்றும் எண்ணிக்கொண்டேன்.

படத்தை வட்ஸ்அப்பில் நீலகிரிக்கு அனுப்பி, உங்களிடம் உள்ள பாதியையும் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டேன். பதில் மறுநாள் வந்தது. அவர்களிடம் ஒரு மணியும் இல்லை. சின்னப் பாட்டி அந்த மணிகளை, வீட்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அரைஞாண் கயிற்றில் இரண்டு மூன்றாகக் கோத்துக் கட்டிவிட்டாராம். குழந்தைகள் வளர, கயிறு அறுந்து, குளிக்கும் இடத்திலும் தேயிலைக் காட்டிலும் எல்லாம் உதிர்ந்துபோயின.

எனக்குப் பெரும் ஏமாற்றம். அப்பாயியிடம் இதைச் சொல்வதா என்றும் தயங்கினேன். சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அவதான் கெட்டிக்காரி. நான் பேணியில போட்டுப் பூட்டி வச்சேன்." பிறகு என் துணியை ஒரு முறை தடவிவிட்டு, அதிலிருந்து இரண்டு மணிகளை எடுத்துத் தரும்படி கேட்டார். என் அண்ணிக்கு அப்போது எட்டாவது மாதம். இப்போது துணியில் 39 மணிகள் இருக்கின்றன, கருத்து எதுவும் மிச்சமில்லை.

மஸ்கெலியாவிலிருந்து:

ஆண்கள் எழுதலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் என் அப்பா 19 ஆண்டுகள் ரதி வேடம் கட்டியவர். மாசி மாதம் அமாவாசை கழிந்து காமன் மரம் ஊன்றியதிலிருந்து, சிவனின் நெற்றிக் கண்ணில் மன்மதன் எரியும் இரவு வரை அப்பா வீட்டில் எங்களுடன் அதிகம் பேசமாட்டார். அந்த ரதிச் சட்டையின் மார்பில் அவரே தைத்த மணிகள் இருந்தன. முழங்கால் தேய்ந்து அவர் ஆட முடியாமல் போனதும் வேடம் ஒரு தம்பிக்குப் போயிற்று. நைந்த சட்டையைப் புதுப்பித்துத் தருவது அப்பாவுக்கு நான் செய்யும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

கலியாணச் சாறிச் சட்டை தைக்கும் அக்கா ஒருவரிடம் ஆரி ஊசி பிடிக்கப் பழகினேன். கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் மிக விரைவாக ஓடும். அப்பாவின் தையலில் ஐந்து மணிக்கு ஒரு முடிச்சு, பார்க்க முரடாக இருந்தது. எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு வரிசை வரிசையாக ஒழுங்காகத் தைத்தேன். ஊரே பாராட்டியது.

மன்மதன் எரிந்தபின் ரதி மார்பில் அறைந்து புலம்பும் இடம் ஒன்று உண்டு. தப்பு முழங்க, அந்தத் தம்பி உணர்ச்சியோடு அறைந்தபோது நூல் ஓரிடத்தில் அறுந்தது. சங்கிலித் தையல் ஓரிடத்தில் விட்டால் தானாக ஓடிவிடும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வரிசை மணிகள் திடல் முழுவதும் சிதறின. கூட்டம் அதையும் கூத்தின் ஒரு பகுதி என்று நினைத்து இன்னும் அழுதது. அப்பா ஓரத்தில் நாற்காலியில் இருந்தபடி ஒன்றும் சொல்லவில்லை. விடிந்ததும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போய், ஒரு தேநீர்க் கோப்பை நிறைய மணி பொறுக்கி வந்து என் முன்னால் வைத்தார். "ரதி அழுறவ. அதுக்குத்தான் முடிச்சு" என்றார். இப்போது ஐந்து மணிக்கு ஒரு முடிச்சு போட்டே தைக்கிறேன். முரடாகத்தான் இருக்கிறது.

நுவரெலியாவிலிருந்து:

நீண்ட அனுபவம் எனக்கில்லை, ஒரு கேள்விதான். 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டில் பாதி நாள் பனிமூட்டத்துக்குள் இருக்கும் எங்கள் ஊரில், நான் தைத்த தங்கையின் திருமணப் படம் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வெள்ளி மணிகளும் கறுத்துவிட்டன. தலவாக்கலையிலும் இதே ஈரம்தானே, அக்கா என்ன செய்கிறீர்கள்?

தலவாக்கலையிலிருந்து:

தங்கச்சி, உள்ளே வெள்ளி பூசிய மணியையும் மேலே உலோகப் பூச்சுள்ள மணியையும் நம் ஊர் ஈரத்துக்கு எடுக்கவே கூடாது. கண்ணாடியே நிறமாக உள்ள மணி கறுக்காது. பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும், நைலோன் நூலுக்கு மாறுங்கள். சட்டகம் போடும்போது அதன் கண்ணாடி, தைத்த மணிகளைத் தொடாதபடி ஓரத்தில் மெல்லிய மரப்பட்டி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியின் உட்புறத்தில் படியும் நீர் நேரே துணியில் இறங்கும். புதிய சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொதிகளை நான் சட்டகத்தின் பின்னால் செருகி வைக்கிறேன். அடுப்படிச் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்.

மஸ்கெலியாத் தம்பி, தாராளமாக எழுதுங்கள். உங்கள் அப்பாவின் முடிச்சை நான் இரவே என் டேலியாவின் பின்புறத்தில் போட்டுப் பார்த்தேன், பிடிக்கிறது.

எங்கள் வீட்டுச் செய்தி ஒன்று பாக்கி. டேலியாவை நான் அம்மா சொன்னபடி கருஞ்சிவப்பில் தைத்தேன். வார இறுதியில் வந்த அக்கா, அப்பா நட்டது மஞ்சள் டேலியாதான் என்று அடித்துச் சொல்கிறாள். அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் இருக்கும் ஒரே படம் கறுப்பு வெள்ளை. கொழும்புக்குத் திரும்பிய அக்கா, மஞ்சள் குழல்மணி ஒரு பொதி வாங்கி அனுப்பியிருக்கிறாள். எங்கே தைப்பது என்று எழுதவில்லை.