பப்பி லினக்ஸ் லைவ் சிடி: பழைய பெட்டியில் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

பழையபெட்டி:

பப்பி லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாக, ஹார்டு டிஸ்க்கில் நிறுவாமல் சிடியிலிருந்தே (அதுதான் லைவ் சிடி) ஓட்டக்கூடிய சின்ன இயங்குதளம். கேள்விப்பட்டதை விட்டுவிட்டு, ஓட்டிப் பார்த்ததை மட்டும் இங்கே எழுதுவோம். எந்தப் பதிப்பு, எவ்வளவு ராம், எந்த கிராபிக்ஸ், எதிலிருந்து பூட் ஆனது என்ற விவரம் முதல் வரியிலேயே வந்துவிடட்டும். நானே ஆரம்பிக்கிறேன்.

பப்பி 4.3.1. பென்டியம் 3, 256உம் 128உம் சேர்த்து 384 எம்பி ராம், இன்டெல் 810 ஆன்போர்டு கிராபிக்ஸ். சிடியிலிருந்து பூட்.

இதே பெட்டியில் விண்டோஸ் எக்ஸ்பி ஆன்டிவைரஸோடு ஏறி முடிப்பதற்குள் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டே வந்துவிடலாம். பப்பியில் கதை வேறு. சிடியில் உள்ள சுருக்கிய கோப்பு, ஸ்குவாஷ்எஃப்எஸ் வகை, நூறு எம்பி அளவில் இருக்கும். அது மொத்தமாக ராமில் ஏறிக்கொள்கிறது. அதற்குத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஏறிவிட்டால் சிடியை வெளியே எடுத்து வைத்துவிட்டு அதே டிரைவில் வேறு சிடி எரிக்கலாம். அபிவேர்டு என்ற எழுத்துச் செயலி சொடுக்கியவுடன் திறக்கும். திரை வந்ததும் ஸ்பீக்கரில் நாய் குரைக்கும், ராத்திரியில் ஓட்டுகிறவர்கள் வால்யூமைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. ஹார்டு டிஸ்க்கைத் தொடாததால் வரும் வேகம்தான். 128 எம்பி மட்டும் இருந்தால் அந்தக் கோப்பு ராமில் ஏறாது. சிடி சுற்றிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு சொடுக்குக்கும் காத்திருக்க வேண்டும். ஒரே பதிப்பைப் பற்றி ஒருவர் "பறக்குது" என்பார், இன்னொருவர் "பயங்கர ஸ்லோ" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும், ராம் எவ்வளவு என்று மட்டும் இரண்டு பேருமே எழுதியிருக்க மாட்டார்கள். விவரம் கேட்பதற்கு அதுதான் காரணம்.

பதிப்பு எண் இன்னும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் பாரி கவ்லர் 2003இல் தன் சிவாவா நாயின் பெயரை வைத்துத் தொடங்கியது இது. 4 வரை ஏறக்குறைய ஒரே வரிசை. வூஃப் என்ற கட்டுமானக் கருவி வந்த பிறகு உபுண்டு தொகுப்புகளை வைத்து லூபு, ஸ்லாக்வேர் தொகுப்புகளை வைத்து ஸ்லாக்கோ என்று கிளை பிரிந்தது. நாம் செய்த மாற்றங்களை வைத்திருக்கும் சேமிப்புக் கோப்பின் பெயரே ஒரு காலத்தில் பப்001, பிறகு பப்_சேவ், அப்புறம் லூபுசேவ். அதன் வால் (பெயரின் கடைசிப் பகுதி) 2எஃப்எஸ், 3எஃப்எஸ், 4எஃப்எஸ் என்று ஆளுக்கு ஒன்று. பிற்பாடு கோப்புக்குப் பதில் ஃபோல்டரிலேயே சேமிக்கும் வசதியும் வந்தது. 'பப்பியில் இந்தக் கோப்பைத் திற' என்று மொட்டையாக எழுதி வைத்தால் அடுத்தவர் எங்கே போய்த் தேடுவார்?

கோவை சர்வீஸ்:

லூபு 5.2.8. பெட்டி எது என்று கேட்காதீர்கள் சார், ரிப்பேருக்கு வந்தது எல்லாமேதான்.

எனக்குப் பப்பி என்றால் டேட்டாவை மீட்கிற சிடி. "விண்டோஸ் ஏற மாட்டேங்குது, கல்யாண போட்டோ எல்லாம் உள்ளே மாட்டிக்கிச்சு" என்று வருவார்கள். பூட் வரியில் 'பப்பி பிஃபிக்ஸ்=ராம்' என்று தட்டுவேன். பழைய சேமிப்புக் கோப்பு எங்காவது கிடந்தாலும் அதைத் தொடாமல் புத்தம்புதிதாக ஏறும். திரையின் கீழே ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒரு ஐகான் வரும், ஒரு சொடுக்கில் மவுன்ட் ஆகிவிடும், அதாவது உள்ளே பார்க்கத் திறந்துகொள்ளும். ராக்ஸ் ஃபைலர் என்ற கோப்பு மேலாளரில் ஃபோல்டரை இழுத்துப் போட்டால் காப்பியா மூவா என்று கேட்கும். அடுத்தவர் டிஸ்க்கில் கைவைக்கும்போது எப்போதும் காப்பிதான்.

ஹைபர்னேட் ஆன விண்டோஸ் பார்ட்டிஷன் என்றால் எழுதுகிற உரிமையோடு மவுன்ட் ஆகாது. வலுக்கட்டாயமாகத் திறக்கும் வழிகள் உண்டு, அந்தப் பக்கம் போகாதீர்கள். ரீட் ஒன்லியாகத் திறந்தால் போதும், நமக்கு வேண்டியது வெளியே எடுப்பது மட்டும்.

எல்லாம் ரூட்டாகவே, அதாவது முழு அதிகாரம் உள்ள பயனராகவே ஓடுகிறதே என்று லினக்ஸ் ஆட்கள் திட்டுவார்கள். என் வேலைக்கு அது வசதிதான், பாஸ்வேர்டு கேட்டு வழிமறிக்காது. வீட்டில் நாலு பேர் புழங்கும் கணினிக்கு இதைப் போட்டுக் கொடுப்பேனா என்றால், மாட்டேன்.

சார் கேட்ட விவரங்களோடு பூட் வரியில் என்ன தட்டினோம் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

நள்ளிரவு டெர்மினல்:

4.3.1, செலரான், 512 எம்பி, சிஸ் கிராபிக்ஸ். ஹார்டு டிஸ்க்கில் ஃப்ரூகல் முறை, அதாவது முழுதாக நிறுவாமல் சிடியின் கோப்புகளை மட்டும் டிஸ்க்கில் வைத்து ஓட்டுவது.

தமிழ்நாட்டில் கரண்ட் மணிக்கணக்கில் போய்க்கொண்டிருந்த வருஷங்களில் யுபிஎஸ் இல்லாமல் இதை ஓட்டினேன். அதனால் எனக்குச் சொல்ல இருப்பது ஒரே விஷயம்: பப்பி எந்த மோடில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஈடிசி உள்ளே ஆர்சி.டி ஃபோல்டரில் பப்ஸ்டேட் என்ற கோப்பைத் திறந்தால் பப்மோட் எண் இருக்கும்.

5 என்றால் எல்லாமே ராமில். கரண்ட் போனால் அந்த செஷன் போச்சு, ஆனால் கெட்டுப்போவதற்கு ஒன்றும் இல்லை. 12 என்றால் சேமிப்புக் கோப்பு ஹார்டு டிஸ்க்கில், எழுதுவதெல்லாம் நேரே அதற்குள் போகும். 2எஃப்எஸ் என்பது ஜர்னல் (எழுதப் போவதை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) இல்லாத எக்ஸ்ட்2 கோப்பு முறை. எழுதுகிற நேரத்தில் கரண்ட் போனால் உள்ளே கோளாறு வரலாம். அடுத்த பூட்டில் 'பப்பி பிஃபிக்ஸ்=எஃப்எஸ்சிகே' என்று தட்டினால் சரிபார்க்கும். 13 என்றால் பென் டிரைவ். ஃப்ளாஷ் தேயாமல் இருக்க மாற்றங்களை ராமில் வைத்திருந்து அரை மணிக்கு ஒருமுறை எழுதும். நடுவில் வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பில் உள்ள சேவ் ஐகான்.

எனக்குப் பிடித்தது 77, மல்டிசெஷன் சிடி. ஷட்டவுன் செய்யும்போது பூட் ஆன அதே சிடியிலேயே அன்றைய செஷனைக் கூடுதலாக எரித்துவிடும். எதையாவது நிறுவி எல்லாம் குழம்பிப்போனால், அடுத்த பூட்டில் பிஃபிக்ஸோடு ஒரு எண் கொடுத்து கடைசி இத்தனை செஷனை விட்டுவிடு என்று சொல்லலாம். டைரியில் கடைசி இரண்டு பக்கத்தை ஒட்டிவிட்டுப் படிக்கிற மாதிரி. சிடி நிறைய நிறைய பூட் மெதுவாகும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

வரிவடிவன்:

அண்ணே, தமிழ் பற்றி யாரும் எழுதவில்லையே. 4.3.1, 512 எம்பி, திரைக்கு எக்ஸ்வெசா என்ற எளிய பொது நிரல்.

சிடியில் தமிழ் எழுத்துரு இல்லை, இணையப் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். லோஹித் தமிழ் எழுத்துருவை எழுத்துரு ஃபோல்டரில் போட்டு 'எஃப்சி-கேஷ்' தட்டினால் ஜீனி என்ற எடிட்டரிலும் அபிவேர்டிலும் ஒழுங்காக வந்துவிடும், அவை பாங்கோ என்ற நிரலகம் வழியாக எழுத்தைச் சேர்ப்பதால். உலாவியில்தான் தலைவலி. பப்பியோடு வரும் பழைய சீமங்கி 1.1 உலாவி பாங்கோவைப் பயன்படுத்தாததால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ஃபயர்ஃபாக்ஸ் 3 போட்டதும் தீர்ந்தது. இதை முழு நிறுவல் இல்லாமல் லைவாக ஓட்டுகிறவர்கள் எழுத்துருவை சேமிப்புக் கோப்புக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் கட்டம்தான்.

பழையபெட்டி:

டெர்மினல் எழுதியதைத்தான் எதிர்பார்த்தேன். இந்த எண்கள் தெரியாமல் "சேவ் ஆகவில்லை" என்று புலம்பும் பதிவுகள் எத்தனை!

குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிஃபிக்ஸ்=ராமில் ஓடும்போது குறிப்பை டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள், மவுன்ட் செய்த பார்ட்டிஷனிலோ நோட்டுப் புத்தகத்திலோ எழுதுங்கள். கிராபிக்ஸ் பெயர் தெரியவில்லை என்றால் 'எல்எஸ்பிசிஐ' தட்டினால் வரும். திரை வராமல் கறுப்பாக நின்றால் அதையும் எழுத வேண்டும். வழக்கமான திரை நிரலான எக்ஸ்ஆர்க் வைத்து வராதது எக்ஸ்வெசாவில் வந்தது என்ற ஒரு வரி, அதே கார்டு வைத்திருப்பவருக்குப் பத்துப் பக்க அறிமுகத்தைவிட உதவும்.

புதுசு:

பென்டியம் 4, 32 பிட், 1 ஜிபி ராம். ஃபோசாபப் என்ற பிற்காலப் பப்பி பதிப்பு ஏறுமா அண்ணா?

நள்ளிரவு டெர்மினல்:

ஏறாது தம்பி, ஃபோசாபப் 64 பிட்டுக்கு மட்டும். பயோனிக்பப் 32 பிட்டிலும் இருக்கிறது, அதை எரித்துக்கொள். 1 ஜிபி ராம் அதற்குப் போதும், பிரவுசரில் டேப்களைக் குறைவாக வைத்தால் சரி. முதலில் சேவ் ஃபைல் எதுவும் உருவாக்காமல் சிடியிலேயே ஓட்டி, திரை, சவுண்ட், நெட் மூன்றும் வருகிறதா என்று பார். ஷட்டவுனில் சேமிக்கவா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லிவிடு. டிஸ்க்கில் எங்கே வைப்பது என்பதை அப்புறம் பேசலாம்.