கவனிக்கப்படாத பின்னணி இசையமைப்பாளர்கள்: பெயர் சொல்லி உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பின்னணி இசை என்றதும் ஜான் வில்லியம்ஸ், ஹான்ஸ் ஜிம்மர் என இரண்டு மூன்று பேரோடு பேச்சு நின்றுவிடுகிறது. மற்றவர்களைத் தேடிக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன், உங்கள் துணை வேண்டும்.

இந்தத் தேடலில் என்னை இறக்கிவிட்டவர் அலெக்ஸ் நார்த். 15 முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூடப் போட்டியில் வெல்லவில்லை. 1986இல் கௌரவ விருதுதான் கிடைத்தது. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’க்கு அவர் எழுதிய இசையைப் படத்தில் சேர்க்கவே இல்லை. படம் வந்து 25 ஆண்டுகள் கழித்து, 1993இல், ஜெர்ரி கோல்ட்ஸ்மித் அதைப் பதிவு செய்தார். கேட்டுப் பாருங்கள், மனசு கனத்துப்போகும்.

அடுத்து லூயிஸ், பீபி பேரன் தம்பதி. 1956இல் ‘ஃபர்பிடன் பிளானட்’ முழுவதற்கும் மின்னணு ஒலியாலேயே இசை தந்தார்கள். டைட்டிலில் ‘இசை’ என்றுகூடப் போடவில்லை, ‘மின்னணுத் தொனிகள்’ என்றுதான் போட்டார்கள். பெரிய அநியாயமாகப் படுகிறது எனக்கு.

இவர்களைப்போல வேறு யாரைக் கேட்கலாம்? எந்த மொழிப் படமானாலும் சரி. பெயரோடு ஒரு படம், முடிந்தால் உங்களை உலுக்கிய ஒரு காட்சி சொல்லுங்கள். பெண் இசையமைப்பாளர்களில் ஷெர்லி வாக்கரைத் தாண்டி நான் அதிகம் கேட்டதில்லை. அந்தப் பக்கம் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.