உப்புக்காற்றில் கிண்டிலா, அச்சுப் புத்தகமா?

கிண்டில் என்பது அமேசானின் மின்னூல் படிக்கும் கருவி. கடலோர வீட்டுக்கு எது சரி என்று நான்கு ஊர் வாசகர்கள் சொல்வது இது.

மண்டபம்:
கடற்கரை வீட்டில் புத்தகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சுவர்தான். உவர் ஏறிய சுவரோடு ஒட்டி அலமாரி போட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பின்பக்கம் முழுக்கப் பூசணம் பூத்துவிடும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே 3 அங்குலம், அடித்தட்டு தரையிலிருந்து அரையடி, இது கட்டாயம். நடுவில் கம்பிப் பின் அடித்த இதழ்கள்தான் முதலில் போகும். பின் துருப்பிடித்து, சுற்றியுள்ள காகிதமும் உதிரும். பின்னைப் பிடுங்கிவிட்டு நூலால் தைத்துவையுங்கள். பாலித்தீன் உறையில் இறுக்கிக் கட்ட வேண்டாம், உள்ளே வியர்த்துப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். மாசியில் நிழலில் விரித்து ஆறவிடலாம். உச்சிவெயிலில் போட்டால் முதுகுப் பசை வெடித்துப் பக்கம் கழன்றுவரும். ராமபாணப் பூச்சிக்கு ஒவ்வொரு தட்டிலும் வசம்புத் துண்டு, இல்லையென்றால் பாச்சை உருண்டை. இவ்வளவு பார்க்க ஆளில்லாத வீட்டுக்குக் கிண்டில் வாங்கலாம்.

ராமேஸ்வரம்:
கிண்டிலையும் இதே உப்புதான் தின்னும் அண்ணே. பேப்பர்ஒயிட் என்கிற கிண்டில் வகையில் ஐபிஎக்ஸ்8 (தண்ணி தாங்கும் தரக்குறி) என்று போட்டிருப்பதை நம்பிக் கடலோரம் அசட்டையாக இருக்கக்கூடாது. நல்ல தண்ணியில் 2 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம் தாங்கும். கடல்தண்ணி என்றால் கால் மீட்டரில் 3 நிமிடம்தான். கம்பெனியே சொல்கிற கணக்கு இது. அலை தெறித்தால் நல்ல தண்ணியில் அலசி, சார்ஜ் துவாரம் கீழே பார்க்கும்படி சாய்த்து ராத்திரி முழுக்க உலரவிடணும். (சாதா கிண்டிலை அலசக்கூடாது, அது தண்ணி தாங்காது.) ஈரம் காயுமுன் சார்ஜ் போட்டால் உப்புத்தண்ணி வழியே மின்சாரம் பாய்ந்து துவாரத்தின் உலோகத்தை அரிக்கும். பச்சையாகப் படிவது அதுதான். கச்சான் காற்று அடிக்கிற மாசங்களில் தண்ணிப் பக்கமே போகாத கருவிக்கும் இது வரும். படிந்த உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கருவியை அணைத்துவிட்டு உலர்ந்த சின்ன பெயிண்ட் பிரஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். ஜிப் பையில் போட்டு, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால் போதும். பையில் கனத்துக்கு அடியில் திணிக்காதீர்கள். திரைக்குள் மெல்லிய கண்ணாடி இருக்கிறது. அது விரிசல் விட்டால் மாற்றுகிற செலவுக்குப் புதுசே வாங்கலாம்.

தொண்டி:
தமிழ் படிக்க வாங்குகிறவர்கள் எழுத்துருவைத்தான் முதலில் பார்க்கணும். கிண்டிலில் தமிழ் 2016-லேயே வந்துவிட்டது, கருவியில் சிக்கல் இல்லை. கோப்பில்தான் சிக்கல். பிடிஎஃப்பைப் போனில் திறந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால் யூனிகோடு (எல்லாக் கருவியிலும் படிக்கிற பொது எழுத்துமுறை) இல்லாத பழைய எழுத்துரு. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் ஸ்கேன் செய்த படம். இரண்டிலுமே எழுத்தைப் பெரிசாக்க முடியாது. 6 அங்குலத் திரையில் ஒரு பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும். படுக்கைவசமாகத் திருப்பித் துண்டுதுண்டாகத்தான் படிக்கணும். யூனிகோடு பிடிஎஃப்பும் கிண்டில் கோப்பாக மாற்றும்போது ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு இடம் மாறிக் கொட்டும். அதனால் ஈபப் (எழுத்தைப் பெரிசாக்க முடிகிற மின்னூல் கோப்பு) கிடைக்கிறதா என்று தேடுங்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்கிற இணையதளத்தில் பழைய இலக்கியம் யூனிகோடில் இலவசமாக இருக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஈபப்போடு 6 அங்குலத்துக்கென்றே வடிவமைத்த பிடிஎஃப்பும் கிடைக்கும். ஈபப்பைக் கருவிக்குரிய மெயில் முகவரிக்கு அனுப்பினால் போதும். அனுப்புகிற உங்கள் முகவரியை அமேசான் கணக்கில் முன்னாடியே அனுமதித்திருக்கணும். பலருக்குக் கோப்பு வந்து சேராததற்கு இதுதான் காரணம்.

கீழக்கரை:
டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற தம்பி, தங்கச்சிகள் கிண்டிலை வாங்க வேண்டாம். பள்ளிப் பாடநூல் பிடிஎஃப்பில் வண்ண வரைபடம், அட்டவணை எல்லாம் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறமாகிவிடும். முன்னும் பின்னும் புரட்டுவதும் மெதுவாகத்தான் நடக்கும். அதற்கு அச்சுப் புத்தகம், முடியாவிட்டால் 10 அங்குல டேப்லெட். நாவல், கட்டுரை என்று ஒரே நேர்க்கோட்டில் படிக்கிறதற்குத்தான் கிண்டில். வைஃபையை அணைத்துவைத்தால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும், கரண்ட் போகிற புயல் நேரத்துக்கு உதவும். இரவல் கொடுத்து வாங்குகிற பழக்கமுள்ள வீடுகள் இன்னொன்றையும் பார்க்கணும்: காசு கொடுத்து வாங்கிய மின்னூலைப் பக்கத்து வீட்டுக்குத் தர முடியாது. 2025 பிப்ரவரியிலிருந்து அமேசான் தளத்திலிருந்து கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றுகிற வசதியும் போய்விட்டது.