பழைய ஃபுட்டேஜில் கேட்கும் குரல் யாருடையது? வரலாற்று ஆவணப்படங்களை எவ்வளவு நம்பலாம்?

நள்ளிரவு ரசிகன்:

போன வாரம் பீட்டர் ஜாக்சனின் 'தே ஷால் நாட் க்ரோ ஓல்ட்' (2018) பார்த்தேன். முதல் உலகப்போர்ப் படம். ஆரம்பத்தில் திரை நடுவில் சின்னக் கட்டத்துக்குள் கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது, எல்லாம் பழைய ரீல் மாதிரியே. அப்புறம் ஓர் இடத்தில் அந்தக் கட்டம் மெல்ல விரிந்து, நிறம் வந்து, சத்தமும் வந்து, பதுங்குகுழியில் நிற்கிற ஒரு பையன் நம்மைப் பார்த்து சொத்தைப் பல் தெரியச் சிரிக்கிறான். உண்மையைச் சொன்னால் கண் கலங்கிவிட்டது. நூறு வருஷம் முன்னால் செத்துப்போன ஒருத்தன் பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி இருந்தது.

இரண்டு நாள் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. 1916-இல் ஏது சத்தம்? அது எல்லாமே ஊமைப்படம் ஆயிற்றே! தேடிப் பார்த்தால் அந்தக் குரல்கள் இப்போதைய நடிகர்களுடையவை, நிறமும் இப்போது பூசியது. யாரோ நன்றாக ஏமாற்றிவிட்ட மாதிரி ஓர் எரிச்சல், அழுததற்கு வெட்கம் வேறு.

என் கேள்வி இதுதான்: வரலாற்றுப் படம், ஆவணப்படம் என்று வருபவற்றில் எது வரை சாட்சி, எங்கிருந்து ஜோடனை? நிறமும் சத்தமும் சேர்க்காத அசல் ஃபுட்டேஜ் மட்டும் பார்த்தால் போதுமா? பட்டியல் கேட்கவில்லை, நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று சொன்னால் போதும்.

ஒலித்தடம்:

சவுண்ட் எடிட்டிங் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் டிவியில் இதுவரை பார்த்த இரண்டாம் உலகப்போர் ஆவணப்படங்களில் கேட்ட பெரும்பாலான குண்டுச் சத்தமும் பின்னாளில் சேர்த்ததுதான். போர்க்கள கேமராக்கள் பெரும்பாலும் ஒலியைப் பதிவு செய்யவில்லை. விமானம் வந்தால் விமானச் சத்தம், டாங்கி வந்தால் டாங்கிச் சத்தம், லைப்ரரியிலிருந்து எடுத்து ஒட்டுவார்கள். அப்போதெல்லாம் நம்மில் யாருக்கும் கோபம் வரவில்லை.

ஜாக்சன் படத்தில் நடந்த வேலை அந்த ரகம் இல்லை. வாயசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை உட்காரவைத்து அந்தச் சிப்பாய்கள் என்ன பேசினார்கள் என்று கண்டுபிடித்தார்கள். சீருடையிலிருந்து படைப்பிரிவு தெரிந்தால் அந்த வட்டாரப் பேச்சு வருகிற ஆட்களையே பேசவைத்தார்கள். ஓர் அதிகாரி காகிதத்தைப் பார்த்துப் படிக்கிற காட்சிக்கு, அந்தப் படைக்கு அன்றைக்கு வாசித்த செய்தியையே தேடிப் பிடித்தார்கள். வேகமும் அப்படித்தான். அந்தக் கேமராக்கள் கையால் சுற்றுபவை, ஒருத்தர் சுற்றினால் விநாடிக்கு 13 ஃபிரேம், இன்னொருத்தர் சுற்றினால் 17, 18. அதை அப்படியே 24-இல் ஓட்டினால் எல்லாரும் பொம்மை மாதிரி குடுகுடுவென்று நடப்பார்கள். நாம் 'அசல்' என்று பார்த்துப் பழகிய அந்தக் குடுகுடு நடைதான் உண்மையில் பொய்.

எனக்கு உறுத்தியது வேறு. அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். சேர்த்ததை மன்னித்துவிடலாம், படத்திலேயே இருந்ததை ஏன் வெட்ட வேண்டும்?

பழைய பெட்டி:

ஒலித்தடம் சொல்வது சரி, ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதிக்குத்தான் பதில் முக்கியம் என்று நினைக்கிறேன். "அசல் ஃபுட்டேஜ் மட்டும் பார்த்தால் போதுமா?" போதாது.

அதே போரிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். 'பேட்டில் ஆஃப் த சோம்' என்று 1916 ஆகஸ்டில் பிரிட்டனில் ஒரு படம் வந்தது. அங்கே பிரான்ஸில் சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இங்கே தியேட்டரில் படம். ஆறு வாரத்தில் சுமார் 2 கோடி டிக்கெட் என்று கணக்குச் சொல்கிறார்கள். தன் பிள்ளையோ அண்ணனோ ஒரு விநாடி தெரிவானா என்று பார்க்கப் போனவர்கள் அதில் எத்தனையோ பேர். அதில் மிகப் பிரபலமான காட்சி, சிப்பாய்கள் பதுங்குகுழியிலிருந்து மேலே ஏறிப் பாய்வது, ஒருவன் ஏறும்போதே சரிந்து கீழே விழுவது. பிற்பாடு வந்த எத்தனையோ ஆவணப்படங்களில் அந்தத் துண்டைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் காட்சி போர்முனையில் எடுத்ததே இல்லை. முனைக்குப் பின்னால் பயிற்சி நடக்கும் இடத்தில் நடிக்கவைத்து எடுத்தது. கொஞ்சம் நிதானமாகப் பார்த்தாலே சந்தேகம் வரும்: கேமராக்காரர் நிற்கிற இடத்தைப் பாருங்கள். முக்காலி போட்டு கனமான பெட்டியை வைத்துக் கையால் சுற்றுகிறார். எதிரி நிஜமாகச் சுட்டுக்கொண்டிருந்தால் முதலில் விழுந்திருக்க வேண்டியவர் அவர்தான்!

வேடிக்கை என்னவென்றால் அந்தப் படத்தில் பெரும்பகுதி நிஜம். காயம்பட்டவனை முதுகில் தூக்கிக்கொண்டு குழிக்குள் ஒருவர் நடந்து வருகிற துண்டு இருக்கிறது, அது நிஜம். ஆனால் எல்லாருக்கும் நினைவில் நின்றது அந்த நடித்த துண்டுதான். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சிக்கும் இதே கதி. 1917-இல் குளிர்கால அரண்மனையைப் பிடித்ததற்குப் படச்சுருளே கிடையாது. பத்து வருஷம் கழித்து இயக்குநர் ஐசன்ஸ்டீன் தன் படத்துக்காக எடுத்த கூட்டக் காட்சிதான் பிறகு எல்லார் தலையிலும் வரலாறாக உட்கார்ந்துவிட்டது.

மழைக்குருவி:

இதில் இன்னும் மோசமான ஒரு வகை இருக்கிறது, யார் எடுத்தார்கள் என்பதிலேயே விஷம் இருக்கிற வகை.

1942 மே மாதம் வார்சா கெட்டோவுக்குள், அதாவது நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதிக்குள், ஜெர்மன் படப்பிடிப்புக் குழு போய் எடுத்த ஊமைச்சுருள் போருக்குப் பிறகு கிடைத்தது. பல வருஷம் ஆவணப்படக்காரர்கள் அதிலிருந்து துண்டு துண்டாக எடுத்து, 'கெட்டோ வாழ்க்கை இப்படி இருந்தது' என்று காட்டினார்கள். 1998-இல் இன்னொரு சுருள் கிடைத்தது, கழித்துப்போட்ட டேக்குகள். நன்றாக உடுத்திய ஒரு பெண் பசியில் கிடக்கும் பிச்சைக்காரர்களைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறாள். நல்லது. ஆனால் அதே காட்சி மறுபடி வருகிறது. இன்னொரு கோணத்தில் இன்னொரு தடவை. உள்ளே இருக்கிறவர்களே தங்கள் ஆட்களைப் பட்டினி போட்டார்கள் என்று காட்டுவதற்காகத் துப்பாக்கி முனையில் நடக்கவைத்து எடுத்திருக்கிறார்கள்.

யாயேல் ஹெர்சோன்ஸ்கி இதை வைத்து 'எ ஃபிலிம் அன்ஃபினிஷ்ட்' (2010) எடுத்தார். அதில் கெட்டோவில் சிறுவர்களாக இருந்து பிழைத்தவர்களை ஒவ்வொருவராக இருட்டுத் தியேட்டரில் உட்காரவைத்து அந்தச் சுருளைக் காட்டுகிறார். நாம் சுருளையும் பார்க்கிறோம், திரை வெளிச்சம் விழுகிற அவர்கள் முகத்தையும் பார்க்கிறோம். ஒருவர் கண்ணைப் பொத்திக்கொள்கிறார். பொய்யாக ஜோடித்த படம், ஆனால் தெருவில் கிடக்கிற உடல் நிஜம், பசி நிஜம், நடக்கச் சொன்னதும் நடந்த அந்தப் பெண்ணின் பயமும் நிஜம்தானே. இதை ஜோடனை என்று தூக்கிப் போடவும் முடியாது, சாட்சி என்று அப்படியே வைத்துக்கொள்ளவும் முடியாது.

கத்தரிக்காரன்:

எல்லாரும் 'நடிக்கவைத்தது = பொய்' என்ற கணக்கிலேயே போகிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

க்ளோட் லான்ஸ்மனின் 'ஷோவா' (1985). ஒன்பதரை மணி நேரம். யூதப் படுகொலையைப் பற்றிய படம், ஆனால் பழைய ஃபுட்டேஜ் ஒரு துண்டு கிடையாது. பிழைத்தவர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள், கொன்றவர்கள் எல்லாரும் பேசுகிறார்கள், கேமரா இப்போது புல் முளைத்துக் கிடக்கிற அந்த இடங்களைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதில் ஆப்ரஹாம் போம்பா என்று ஒரு முடிதிருத்துபவர். ட்ரெப்ளிங்கா என்ற நாஜிக் கொலைமுகாமில் விஷவாயு அறைக்குப் போகும் பெண்களுக்கு முடி வெட்டவைக்கப்பட்டவர். அவரிடம் லான்ஸ்மன் பேசுவது ஒரு சலூனில். போம்பா கையில் கத்தரி, முன்னால் நாற்காலியில் ஓர் ஆள், வெட்டிக்கொண்டே பேசுகிறார். குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல், ஏதோ வேலைக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி: எத்தனை பேர் வெட்டினோம், ஒரு தலைக்கு எவ்வளவு நேரம். தன்னோடு வேலை செய்த இன்னொரு முடிதிருத்துபவரின் மனைவியும் சகோதரியும் உள்ளே வந்த நாளுக்கு வரும்போது பேச்சு நின்றுவிடுகிறது. நிமிஷக்கணக்கில் நிற்கிறது. முகத்தைத் துடைத்துக்கொள்கிறார், வேண்டாம் என்கிறார், லான்ஸ்மன் விடுவதில்லை, சொல்லித்தான் ஆகவேண்டும் என்கிறார்.

இப்போது கேளுங்கள். போம்பா அப்போது தொழிலை விட்டு ஓய்வு பெற்றுவிட்டார். அந்த சலூன் படத்துக்காக வாடகைக்கு எடுத்தது. முழுக்க செட்டப்! ஆனால் அந்தக் கத்தரி கையில் இல்லாவிட்டால் அந்த மௌனம் வந்திருக்குமா? கைக்கு இருக்கிற ஞாபகம் வேறு, வாய்க்கு இருக்கிற ஞாபகம் வேறு.

ஒலித்தடம்:

கத்தரிக்காரன், காட்சி பெரியதுதான், ஆனால் ஒருவர் வேண்டாம் என்று அழும்போது விடாமல் கேட்பது சரியா என்பது எனக்கு இன்னும் தீராத கேள்வி. அதே படத்தில் ட்ரெப்ளிங்கா முகாமில் வேலை பார்த்த எஸ்எஸ் (நாஜிப் படை) ஆளிடம் பெயரை வெளியிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒளித்து வைத்த கேமராவில் எடுத்தார். அதற்கு நான் கைதட்டினேன். போம்பாவுக்குக் கைதட்ட முடியவில்லை. எனக்கே என் நியாயம் புரியவில்லை.

கத்தரிக்காரன்:

எனக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் வெட்டி எறிந்திருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

நாலாவது வரிசை:

நடிக்கவைப்பது பற்றிப் பேச்சு வந்ததால் 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' (2012) சொல்லாமல் போக முடியாது. இந்தோனேசியாவில் 1965–66 படுகொலையில் ஆட்களைக் கொன்றவர்களிடமே ஜோஷுவா ஓப்பன்ஹைமர் "நீங்கள் செய்ததை உங்களுக்குப் பிடித்த சினிமா பாணியில் நடித்துக் காட்டுங்கள்" என்று விட்டுவிடுகிறார். கேங்ஸ்டர் படம், கௌபாய் படம், பாட்டு டான்ஸ் எல்லாம் போட்டு நடித்துக் காட்டுகிறார்கள், பெருமையாக! படம் முடிந்து டைட்டில் ஓடும்போது பாருங்கள், உள்ளூர்க் குழுவில் பெயருக்குப் பதில் 'அனானிமஸ்', 'அனானிமஸ்' என்று வரிசையாகப் போகும். கொன்றவன் பெயர் போட்டு முகம் காட்டுகிறான், படம் எடுத்தவன் ஒளிந்துகொள்கிறான். எனக்கு மொத்தப் படத்தையும் விட அந்த டைட்டில்தான் அதிகம் சொன்னது.

படமே இல்லாதவர்கள் என்ன செய்வது என்பதற்கு ரித்தி பான். கம்போடியாவில் கெமர் ரூஜ் கம்யூனிஸ்டுகள் ஆண்ட காலத்தில் (1975–79) குடும்பத்தை இழந்தவர். அந்த ஆட்சி எடுத்த பிரச்சாரச் சுருள்கள்தான் மிஞ்சின, அவருடைய வீட்டுக்கு, அப்பாவுக்கு ஒரு ஃபிரேம் கிடையாது. 'தி மிஸ்ஸிங் பிக்சர்' (2013) படத்தில் களிமண் பொம்மைகள் செய்து வைத்து அதையெல்லாம் சொல்கிறார். பொம்மை அசைவதுகூட இல்லை, சும்மா நிற்கிறது. அங்கே ஜோடனையா என்று யாரும் கேட்கப் போவதில்லை, களிமண் என்று எல்லாருக்கும் தெரியும்.

பழைய பெட்டி:

அந்தக் களிமண் விஷயம்தான் நான் சொல்ல வந்ததும். 'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' (1966) நேர் எதிர்ப்பக்கம். அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து நடந்த கிளர்ச்சியைப் பற்றிய கதைப்படம், ஆனால் செய்திச்சுருள் மாதிரியே எடுத்திருப்பார்கள், அதனால் இதில் ஓரடி கூட நியூஸ்ரீல் இல்லை என்று எழுத்துப் போட்டுச் சொல்லவேண்டி வந்தது. போதாததற்குக் கிளர்ச்சித் தலைவனாக நடித்தவர் சாதி யாசெஃப், நிஜத்திலும் அங்கே கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஆள். தன்னையே தான் நடிக்கிறார்! இது சாட்சியா, நடிப்பா? பார்த்து பல வருஷம் ஆகியும் சொல்லத் தெரியவில்லை.

நள்ளிரவு ரசிகனுக்கு ஒன்று: ஜாக்சன் படத்தில் நடிகர் குரலுக்குக் கோபப்பட்டீர்கள். ஆனால் படம் முழுக்கக் கதை சொல்கிற அந்தக் கிழவர்களின் குரல்கள் நிஜமான சிப்பாய்களுடையவை, போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து, 1960-களிலும் அதற்குப் பிறகும் பதிவு செய்தவை. எனக்கு அங்கேதான் கேள்வி. ஐம்பது வயது கூடிய பிறகு சொல்கிற இருபது வயது ஞாபகம் அது. யார் பேசுகிறார் என்று திரையில் பெயர் வருவதில்லை, கடைசி டைட்டிலில் மொத்தமாக வருகிறது. எத்தனையோ தனித்தனி ஆட்களின் ஞாபகம் ஒரே ஆளுடைய ஞாபகம் மாதிரி ஓடுகிறது.

நள்ளிரவு ரசிகன்:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. கோபம் பாதி இறங்கிவிட்டது, ஆனால் ஜாக்சன் படத்தை மறுபடி அதே மாதிரி பார்க்க முடியாது என்று தோன்றுகிறது.

உங்கள் பதில்களைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி 'த்ரீ மினிட்ஸ்: எ லெங்தனிங்' (2021) பார்த்தேன், பியாங்கா ஸ்டிக்டர் எடுத்தது. 1938-இல் சுற்றுலா போன ஒருவர் போலந்தில் நாசியல்ஸ்க் என்ற ஊரில் எடுத்த மூணு நிமிஷ வீட்டுப்படம், அவ்வளவுதான் மொத்த ஃபுட்டேஜும். அதையே நிறுத்தி, திருப்பி, பெரிதாக்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்க்கிறார்கள், வேறு எந்தக் காட்சிக்கும் போவதே இல்லை. ஒரு கடைக்கு மேல் மங்கலாக ஒரு பலகை. அதில் என்ன பெயர் என்று எழுத்து எழுத்தாக மல்லுக்கட்டுகிறார்கள். அந்த ஊரில் சுமார் 3,000 யூதர்கள் இருந்திருக்கிறார்கள், போருக்குப் பிறகு நூறு பேர் கூட மிஞ்சவில்லை. கேமராவைப் பார்த்துக் கையாட்டி முண்டியடிக்கிற சின்னப் பையன்களில் ஒருவர் பிழைத்திருந்தார், வயதான பிறகு இதைப் பார்த்து அது நான்தான் என்று அடையாளம் சொல்கிறார்.

சத்தம் சேர்க்கவில்லை என்று சொல்ல முடியாது, பின்னணிக் குரல் இருக்கிறது, இசை இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில் அந்த மூணு நிமிஷத்தில் தெரிகிற முகங்களை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்துத் திரையில் அடுக்குகிறார்கள். அதை நிறுத்திவைத்து எண்ண ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டியதும் கணக்கு தவறிவிட்டது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.