மெக்கானிக்கல் எம்எஸ்: மூன்று அட்மிஷன், கையில் மூன்று வாரம். வேலையை மனதில் வைத்து எதைத் தேர்ந்தெடுப்பது?

பணகுடி_மெக்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பணகுடி. மகேந்திரகிரியில் இஸ்ரோ எஞ்சின் சோதனை நடக்கும்போது எழும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன். அதனால்தான் மெக்கானிக்கல் எடுத்தேன். படிப்பு முடிந்து இரண்டு வருடமாக ஓசூரில் கார் உதிரிபாக ஆலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். அலுமினிய வார்ப்புகளில் துளை, விரிசல் பார்ப்பதுதான் வேலை.

அமெரிக்காவில் எம்எஸ் படிக்க, இந்த ஆகஸ்ட் சேர்க்கைக்கு மூன்று பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் யுஎஸ்சியில் ஏரோஸ்பேஸ். அரிசோனா ஸ்டேட்டில் மெக்கானிக்கல். கிளெம்சனில் ஆட்டோமோட்டிவ். மனம் ராக்கெட்டில் இருக்கிறது. கன்சல்டன்சிக்காரரும் தரவரிசையைக் காட்டி யுஎஸ்சி என்கிறார். ஆனால் மூன்றில் செலவு அதிகம் அதற்குத்தான். கல்விக் கட்டணம் மட்டுமே 60 லட்சத்தை ஒட்டி வருகிறது.

அப்பா காற்றாலையில் டெக்னீஷியன், இன்னும் ஆறு வருடம் சர்வீஸ் இருக்கிறது. கடனுக்கு எங்கள் வீட்டுப் பத்திரத்தைத்தான் கொடுக்க வேண்டும். படித்து முடித்து அங்கே சில வருடம் வேலை பார்க்காமல் இந்தக் கடன் அடையாது. பெயரைப் பார்ப்பதா, ஊரைப் பார்ப்பதா, பாடத்தைப் பார்ப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சேரன்மகாதேவி_2017

தம்பி, உன் கேள்வியைப் படித்ததும் வேலையை நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். 2017-இல் நான் நின்ற இடத்தில்தான் இப்போது நீ நிற்கிறாய்.

நானும் ஏரோஸ்பேஸ் பக்கம் சாய்ந்து, மேற்குப் பகுதியில் ஒரு நல்ல பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் எம்எஸ் படித்தேன். பெயர் வேண்டாம், பாடம் நடத்தியதில் ஒரு குறையும் கிடையாது. முதல் செமஸ்டரில், நிறுவனங்கள் வளாகத்துக்கு வந்து ஆள் தேடும் கேரியர் ஃபேர் வந்தது. அறை நண்பனின் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, ராக்கெட் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் மேசை முன்னால் நாற்பது நிமிடம் வரிசையில் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா என் ரெசியூமேயைப் பொறுமையாகப் படித்தார். காம்போசிட் தகடு வளைவது பற்றிய என் புராஜெக்டில் இரண்டு கேள்வி கேட்டார், பதில் அவருக்குப் பிடித்திருந்தது. அப்புறம், "சிட்டிசனா, கிரீன் கார்டா?" என்றார். எஃப்-1, மாணவர் விசா என்றேன். தாளின் மேல் மூலையில் பேனாவால் சின்னதாக ஒரு வட்டம் போட்டு, திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டார். "உன் திறமையில் குறை இல்லை, சட்டம் அப்படி. இதை வேறு மேசையில் கொடு" என்று தன்மையாகத்தான் சொன்னார். அன்று மாலை வரை எல்லா மேசைக்கும் போய்க் கணக்கெடுத்தேன். 58 மேசை. எஃப்-1 மாணவனிடம் மேற்கொண்டு பேசியது ஒன்பது.

அவர் சொன்ன சட்டத்துக்கு ஐடார் என்று பெயர். ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள். ராக்கெட், ஏவுகணை, செலுத்து வாகனத்தின் தொழில்நுட்பத் தகவல்கள் அதில் அடங்கும். அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதி அல்லது தஞ்ச நிலை பெற்றவர்கள், இவர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்த வரைபடத்தைக் காட்டினாலே, அமெரிக்காவுக்குள்ளேயே காட்டினாலும், ஏற்றுமதி செய்ததாகக் கணக்கு. அனுமதி வாங்கி வெளிநாட்டவரை எடுக்க வழி உண்டு. புதிதாகப் படித்து வரும் பையனுக்காக அந்தச் சிரமத்தை எடுப்பவர்கள் மிகக் குறைவு. யுஎஸ்சியில் நீ முதல் மாணவனாக வந்தாலும் இந்தச் சுவர் அங்கேயே இருக்கும். கன்சல்டன்சியில் இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், எனக்கும் சொல்லவில்லை.

விசா கணக்கு உனக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்க ஓபிடி என்ற அனுமதி 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பு என்றால் மேலும் 24 மாதம். பொறியியல் படிப்புகளின் குறியீடு 14 என்று தொடங்கும், அவை ஸ்டெம் பட்டியலில் இருக்கின்றன. பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவம் வந்ததும் அந்த எண்ணை ஒரு முறை பார்த்துக்கொள். முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாள்தான் வேலையில்லாமல் இருக்கலாம். எனக்கு வேலை கிடைத்தது 71-ஆவது நாள். அந்த எழுபது நாளும் சுவரில் காலண்டர் ஒட்டி ஒவ்வொரு கட்டமாக அடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அம்மா போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டால்கூட பதில் சொல்லத் தொண்டை அடைக்கும். உனக்கு அந்தக் காலண்டர் வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வேலை எப்படிக் கிடைத்தது என்பதையும் கேள். கிளெம்சன் இருக்கும் அதே தென் கரோலைனா மாநிலத்தில் கார் சீட் ஃபிரேம் செய்யும் ஆலை. நேர்காணலில் என் எம்எஸ் புராஜெக்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வருமுன் கோயம்புத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் பதினோரு மாதம் இருந்தேன். ரெசியூமேயின் கடைசியில் ஒரே வரியில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "வார்ப்பில் துளை விழுந்தால் எங்கிருந்து தேடுவாய்?" என்றார் பிளாண்ட் மேனேஜர். வெள்ளைப் பலகையில் படம் போட்டு முக்கால் மணி நேரம் பேசினேன். மறுநாள் ஆஃபர் வந்தது. உன் கேள்வியில் அந்த இரண்டு வருடத்தை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டாய், அதுதான் உன் மூலதனம்.

இப்போது ஊர்க் கணக்கு. கிளெம்சனின் ஆட்டோமோட்டிவ் வளாகம் கிளெம்சன் ஊரில் இல்லை, கிரீன்வில்லில் இருக்கிறது. பிஎம்டபிள்யூவின் ஸ்பார்ட்டன்பர்க் ஆலை 1994 முதல் அந்தப் பக்கத்தில்தான் ஓடுகிறது, டயர் நிறுவனமான மிஷலினின் வட அமெரிக்கத் தலைமையகம் கிரீன்வில்லிலேயே. அவர்களை நம்பி உதிரிபாக ஆலைகள் நெடுஞ்சாலை நெடுக இருக்கின்றன. டீப் ஆரஞ்ச் என்ற திட்டத்தில் எம்எஸ் மாணவர்களே சேர்ந்து ஒரு முழு வண்டியை வடிவமைத்துக் கட்டுகிறார்கள். நேர்காணலில் அதைப் பற்றிப் பேச உனக்கு நிறைய இருக்கும்.

இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை. ஓபிடி முடிந்தபின் அங்கே வேலையில் தொடரத் தேவையான எச்-1பி விசாவுக்கான குலுக்கல் 2026 பிப்ரவரி இறுதியிலிருந்து மாறியிருக்கிறது. சம்பளத்தை நான்கு நிலையாகப் பிரிக்கிறார்கள். உயர்ந்த நான்காம் நிலை என்றால் குலுக்கலில் உன் பெயருக்கு நான்கு சீட்டு, முதல் நிலை என்றால் ஒரே சீட்டு. அந்த நிலையை வேலைக்கும் ஊருக்கும் ஏற்றபடி கணக்கிடுகிறார்கள். அதனால் லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் நிலையில் விழும் அதே சம்பளம், செலவு குறைந்த ஊரில் இரண்டாம் நிலைக்கு ஏறிவிட வாய்ப்புண்டு.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், நீயே பார். அமெரிக்கத் தொழிலாளர் துறை, எச்-1பிக்காக நிறுவனங்கள் கொடுக்கும் விண்ணப்ப விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்செல் கோப்பாக இலவசமாக வெளியிடுகிறது. நிறுவனம், பதவி, ஊர், சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். மெக்கானிக்கல் எஞ்சினியருக்கான எண் 17-2141, இண்டஸ்ட்ரியலுக்கு 17-2112. அந்த எண்ணைப் போட்டு மூன்று ஊரையும் வடிகட்டிப் பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

மதுரை_டு_சாண்ட்லர்

அண்ணன் சொன்ன ஐடார் விஷயம் முழுக்க உண்மை. அரிசோனா ஸ்டேட் இருக்கும் ஃபீனிக்ஸ் பகுதியிலும் விமானம், பாதுகாப்புத் துறை நிறுவனங்கள் நிறைய. அந்தப் பெயர்களைப் பார்த்து மெக்கானிக்கலுக்கு இங்கே வந்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் அரிசோனா ஸ்டேட்டை ஒதுக்கிவிடாதீங்க தம்பி. நான் அங்கேதான் மெக்கானிக்கல் படித்தேன். இப்போது சிப் ஆலையில் எக்விப்மென்ட் எஞ்சினியர். அதன் டெம்பி வளாகத்திலிருந்து இண்டெலின் சாண்ட்லர் ஆலைகள் அரை மணி நேரத்துக்குள். தைவானின் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சியின் ஆலை வடக்கு ஃபீனிக்ஸில். சிப் என்றதும் எலக்ட்ரானிக்ஸ் ஆட்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். உள்ளே வந்து பார்த்தால் வேக்குவம் பம்பு, வால்வு, வெப்பம், அதிர்வு, ரோபோ கை, எல்லாம் நம் பாடம்தான். வெள்ளை உடையில் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு ஒரு பம்பின் பேரிங் சத்தத்தைக் கேட்டுப் பழுது சொல்வதுதான் என் பாதி நாள்.

நீங்கள் யோசிக்க வேண்டியது இரண்டு. இந்தத் தொழில் ஏறும், இறங்கும். நீங்கள் முடிக்கும் வருடம் இறக்கமாக இருந்தால் கஷ்டம். எங்கள் பேட்சில் ஆறு மாதம் முன்னால் முடித்தவர்களுக்குக் கிடைத்தது, பின்னால் முடித்தவர்கள் அலைந்தார்கள். அடுத்தது, இங்கே கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது, அந்தச் செலவையும் கடனில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் 45 டிகிரி. மதுரைக்காரி நானே முதல் ஜூன் மாதம் திணறிப்போனேன்.

முதல் செமஸ்டரிலேயே ஸ்டாட்டிஸ்டிக்கல் புராசஸ் கண்ட்ரோல், அதாவது உற்பத்தியைப் புள்ளிவிவரம் வைத்துக் கண்காணிக்கும் பாடம், எடுங்கள். குவாலிட்டியில் இருந்த உங்களுக்கு அது சுலபம், இங்கே எல்லா நேர்காணலிலும் கேட்பார்கள்.

குலசை_கடற்கரை

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். தம்பிக்கு ராக்கெட்தான் ஆசை என்றால் அமெரிக்கா எதற்கு? குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பணகுடியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சொந்த எஞ்சினோடு ஒரு சோதனை ராக்கெட்டை ஏவியது. அந்த எஞ்சினை ஒரே துண்டாக 3டி அச்சில் எடுத்தார்கள். ஹைதராபாத்தில் ஸ்கைரூட் என்ற ராக்கெட் நிறுவனம் இருக்கிறது. உலோகத்தில் துளை, விரிசல் பார்க்கத் தெரிந்த ஆளை இவர்கள் வேண்டாம் என்பார்களா? வீட்டுப் பத்திரத்தை வைக்கும் முன் இங்கேயும் நாலு விண்ணப்பம் போட்டுப் பாருங்கள்.

சேரன்மகாதேவி_2017

குலசை அண்ணாச்சி சொல்வது சரி, அந்தக் கதவு நான் கிளம்பிய காலத்தில் இந்த அளவு திறந்திருக்கவில்லை. தம்பி, ராக்கெட்தான் என்று முடிவு செய்தால் அந்த வழி. அமெரிக்க வேலை, கடன் அடைப்பு என்றால் கிளெம்சன், அடுத்து அரிசோனா. ராக்கெட்டுக்காக அமெரிக்கா என்று மட்டும் போய்விடாதே.

பணகுடி_மெக்

அண்ணா, அக்கா, அண்ணாச்சி, மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கவில்லை, நேற்று இரவே அந்தக் கோப்பை இறக்கிவிட்டேன். கம்ப்யூட்டர் திணறித் திணறித்தான் திறந்தது. கிரீன்வில், ஸ்பார்ட்டன்பர்க், கிரீர் என்று ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் நான் ஓசூரில் பார்க்கிற மாதிரியான வேலைகளே வருகின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டியல் நீளம். ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்த ராக்கெட் கம்பெனிகளை அதில் தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம்.

அப்பாவிடம் போனில் ஐடாரை விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ அந்தப் பெரிய கடன் வேண்டாம்" என்றார். யுஎஸ்சிக்கு மறுப்பு எழுதிவிட்டேன். அக்னிகுல், ஸ்கைரூட் இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று, ஏப்ரல் 15 வரை பதிலுக்குக் காத்திருப்பேன். கட்டணத்தைக் குறைக்கும் உதவி வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டு கிளெம்சனில் இரண்டு பேராசிரியர்களுக்கு இன்று காலை மின்னஞ்சல் அனுப்பினேன். வார்ப்புத் துளை பார்த்த வேலையை முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.